பாயிண்ட் மூணு ஒண்ணு

ஓசூர் பாகலூர் சாலையில் இருக்கும் மோகன்குமாரின் இன்ஜின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது ஜெயசெல்விக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்கு முன் பத்தொன்பது வருடம் சிப்காட்டில் ஒரே தொழிற்சாலையில் கிராங்க் ஷாஃப்ட் அளந்துகொண்டிருந்தாள். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் இரும்புத் தண்டு அது. ஒரு ஷிஃப்டில் நூற்றியிருபது தண்டுகள் அவள் மேசையைத் தாண்டிப் போகும். மைக்ரோமீட்டரைத் திருகும்போது விரல் நுனியில் வரும் பிடிப்பிலேயே அளவு சரியா தப்பா என்று தெரிந்துவிடும். கண்ணாடி போட்டு எண்ணைப் பார்ப்பது தாளில் எழுதுவதற்காகத்தான்.

ஒரு நாள் அந்த வரிசையில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். தண்டை உள்ளே தள்ளினால் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். அளக்கிறவர்கள் பதினொரு பேர் வீட்டுக்குப் போனார்கள். ஜெயசெல்வி எட்டு மாதம் கேட் கேட்டாக ஏறி இறங்கினாள். "முப்பத்தஞ்சுக்கு மேல எடுக்கறதில்லம்மா" என்றுதான் எல்லா இடத்திலும் சொன்னார்கள். அவள் கணவன் வெஸ்லின் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். இருவரும் நாசரேத் பக்கத்துக்காரர்கள். கல்யாணமான வருஷமே மூக்கண்டப்பள்ளியில் வாடகைக்கு வந்தவர்கள், இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

மோகன்குமார் மட்டும் வயதைக் கேட்கவில்லை. மேசை மேல் கிடந்த ஒரு பழைய கிராங்க்கைக் காட்டி, "இதுல என்ன கோளாறுன்னு சொல்லுங்க" என்றார். இருபது நிமிடத்தில் அவள் சொன்னாள்: "மூணாவது ஜர்னல்ல, பேரிங் உக்கார்ற எடத்துல, ஒரு பக்கம் தேஞ்சிருக்கு சார். தண்டும் லேசா வளைஞ்சிருக்கு." அதை ஏற்கெனவே இரண்டு பேர் நல்லது என்று சொல்லியிருந்தார்களாம். மறுநாளே வரச் சொல்லிவிட்டார். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், போனில் பாதி நேரம் கன்னடம் பேசுகிற மனிதர். அவளை எல்லார் முன்னாலும் "மேடம்" என்றே கூப்பிட்டார். தொழிற்சாலையில் பத்தொன்பது வருடத்தில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

லாரி, டிராக்டர் இன்ஜின்கள் வந்துபோகும் பட்டறைதான். ஆனால் பேர் வாங்கித் தந்தது ஜப்பான் இன்ஜின்கள். பெங்களூரிலிருந்தும் அத்திப்பள்ளியிலிருந்தும் ரேஸ் பைத்தியம் பிடித்த ஆட்கள் கொண்டுவருவார்கள். ஜப்பானில் ஓடித் தீர்ந்த கார்களைப் பாதியாக அறுத்து, இன்ஜின் இருக்கிற முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். அதற்கு 'ஹாஃப் கட்' என்று பேர். அதில் அதிகம் வந்தது ஃபோர் ஜி சிக்ஸ்டி த்ரீ. நாலு சிலிண்டர், இரண்டு லிட்டர், இரும்பு பிளாக். டர்போ பூட்டினால் அந்தச் சின்ன உருவத்துக்கு நம்ப முடியாத வேகம் கொடுக்கும். பட்டறையில் அதைச் சுருக்கமாக 'அறுபத்து மூணு' என்பார்கள்.

எல்லா அறுபத்து மூணும் ஒன்றல்ல. டர்போ இல்லாதது உண்டு. உயரம் கூடிய அறுபத்து நாலு என்ற அண்ணன் உண்டு. கடைசியாக வந்த வகையில் வால்வு திறக்கும் நேரம் ஓட்டத்திலேயே மாறும். ஜெயசெல்விக்கு முக்கியமானது வேறொரு வித்தியாசம். பழைய வகையில் கிராங்க்கின் பின்முனையில் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தைப் பிடிக்க ஆறு போல்ட், தொண்ணூற்றிரண்டுக்குப் பிறகு வந்ததில் ஏழு. ஆறு போல்ட்காரன் முரடன், எதையும் தாங்குவான். ஏழு போல்ட்டில் சில நேரம் கிராங்க் நீளவாக்கில் முன்னும் பின்னும் நகரத் தொடங்கும் என்று இந்த இன்ஜினைக் கட்டுகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். அந்த நகர்வைத் தடுப்பது பிறை வடிவத்தில் இருக்கும் இரண்டு சின்னத் தகடுகள். த்ரஸ்ட் பேரிங். அது தேய்ந்தால் கிராங்க் பிளாக்கையே கடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் ஏழு போல்ட் வந்தால் அவள் முதலில் பார்ப்பது அந்த நகர்வைத்தான். கால் மில்லிமீட்டருக்குமேல், அதாவது பாயிண்ட் ரெண்டு அஞ்சுக்குமேல் போகக் கூடாது. அதற்குள்ளும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

ஜெகதீஷின் இன்ஜின் ஏழு போல்ட்.

ஜெகதீஷுக்கு முப்பது வயது. அத்திப்பள்ளிக்காரன், தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும். பகலில் ஏசி மெக்கானிக், மிச்ச நேரமெல்லாம் அவனுடைய பழைய வெள்ளை கார். அந்த இன்ஜினுக்காக இரண்டு வருடம் சேர்த்தவன். பட்டறைக்கு வந்தால் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, ஜெயசெல்வி அளப்பதையே பார்த்துக்கொண்டிருப்பான். "அக்கா, நீங்க ஓகே சொன்னா எனக்கு தேவரு சொன்ன மாதிரி" என்பான், கடவுளைக் கன்னடத்தில் சொல்லி. அவளுக்குச் சிரிப்பு வரும். கூச்சமாகவும் இருக்கும்.

அந்த வருடம் பிப்ரவரியில், ராயக்கோட்டையைத் தாண்டி ஒரு தனியார் ஓடுதளத்தில் ஞாயிற்றுக்கிழமை, நேர்கோட்டில் பாய்ந்து முடிக்கும் டிராக் ரேஸ் வைத்திருந்தார்கள். ஜெகதீஷ் பேர் கொடுத்துவிட்டான். வியாழக்கிழமை மத்தியானம் இன்ஜினின் அடிப்பாகம் பூட்டி முடிந்தது. ஜெயசெல்வி டயல் கேஜை கிராங்க்கின் முனையில் நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவரால் தண்டை நெம்பிப் பின்னால் தள்ளினாள். முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து முன்னால் நெம்பினாள்.

பாயிண்ட் மூணு ஒண்ணு.

துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். கேஜை மாற்றிப் பார்த்தாள். மூன்று முறையும் அதேதான். பேரிங் புதுசு, அதனால் கோளாறு பேரிங்கில் இல்லை. அதை ஒட்டி உரசும் கிராங்க்கின் முகம் தேய்ந்திருந்தது. ஜப்பானிலேயே யாரோ ஓட்டித் தேய்த்தது. பிரித்து, வெல்டு வைத்து, மறுபடி கிரைண்ட் செய்ய வேண்டும்.

மோகன்குமாரிடம் போய்ச் சொன்னாள்.

"எத்தன நாளு ஆவும்?"

"பத்து நாளாவது வேணும் சார்."

"ஞாயித்துக்கெழமை ரேஸும்மா." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரேஸ் இன்ஜின் கொஞ்சம் லூசாத்தான் இருக்கணும். சூடாச்சுன்னா சரியாப் பூடும்."

"மத்த இடத்துல லூசு வேற சார். இது நீளவாக்குல. அவன் ரேஸ் கிளட்ச் வேற போட்டிருக்கான், ஒவ்வொரு மிதிக்கும் கிராங்க்க முன்னால தள்ளும்."

"ஒரே ஒரு நாள். நாலு ஓட்டம். மொத்தமா ஒரு நிமிஷம் ஓடுமா? திங்கக்கெழமை நானே எறக்கிப் பிரிச்சு சரி பண்ணித் தரேன். இப்ப குடுக்கலன்னா அந்தக் கூட்டமே நம்மகிட்ட வராது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாயிண்ட் ஒண்ணு எட்டுன்னு போடுங்க மேடம். நான் சொல்றேன்ல."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ என்று பிற்பாடு அவள் நினைத்துக்கொண்டதுண்டு. எட்டு மாதம் எந்தக் கேட்டும் திறக்காதபோது திறந்துவிட்ட மனிதர். ஒரு நாள்தானே, திங்கட்கிழமை பிரித்துவிடுவார்களே என்று அவளும் நம்ப விரும்பினாள். அளவுத் தாளில் கிராங்க் நகர்வு என்ற கட்டத்தில் 0.18 என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். பேனா தடுமாறவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெகதீஷ் வண்டியைக் கிளப்பிப் பார்த்தான். தாளின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சூப்பர் அக்கா" என்று கட்டை விரலைக் காட்டினான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஜெயசெல்வி சர்ச் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மோகன்குமார் போன் செய்தார். ஜெகதீஷ் மூன்றாவது ஓட்டத்தில் கியர் மாற்றி கிளட்ச்சை விட்ட நொடியில் இன்ஜின் அப்படியே இறுகிவிட்டது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, வண்டி சுழன்று, ஓரத்து மண்மேட்டில் இடது பக்கமாக மோதியது. உயிருக்கு ஆபத்தில்லை. இடது காலும் இடுப்பும்தான்.

"கியர் தப்பாப் போட்டுட்டாம்மா" என்றார். "நாலுக்குப் பதிலா ரெண்டுல தள்ளிட்டான். எல்லாரும் அதான் சொல்றாங்க."

அவள் போனை வைத்தாள். வெஸ்லின் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். ஏறி உட்கார்ந்ததும்தான் ஒரு செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு வந்திருப்பது தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜெகதீஷின் கால் கம்பிகளுக்கு நடுவே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் அவன் அம்மா கெம்பம்மா ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். ஜெயசெல்வியைப் பார்த்ததும் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அக்கா, நீங்கதானே அளந்தீங்க. எல்லாம் கரெக்டா இருந்துச்சுல்ல?"

கெம்பம்மாவும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இருந்துச்சுப்பா" என்றாள் ஜெயசெல்வி.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அப்ப நான்தான். எனக்கு நாலுல போட்ட மாதிரிதான் ஞாபகம். ஆனா எல்லாரும் ரெண்டுங்கறாங்க. என் கையையே நம்ப முடியல அக்கா."

வெளியே வந்து படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் இன்ஜின் பட்டறைக்குத் திரும்பி வந்தது. பிரித்தபோது ஜெயசெல்வியும் நின்றாள். அவ்வளவு வேகத்தில் தவறிப்போய் இரண்டாவது கியர் விழுந்திருந்தால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் சுற்றி, வால்வுகள் பிஸ்டன் தலையில் அடித்திருக்கும். நாலு பிஸ்டனின் தலையிலும் ஒரு கீறல் இல்லை. அடியில் த்ரஸ்ட் பேரிங் நாலு துண்டாகக் கிடந்தது. கிராங்க் நகர்ந்து நகர்ந்து பிளாக்கைக் கடித்து, அந்த வெப்பத்திலேயே அதனோடு ஒட்டிப்போயிருந்தது.

மோகன்குமாரும் பார்த்தார். இருபத்தைந்து வருடம் இன்ஜின் பிரித்தவருக்குப் புரியாமல் இருக்குமா?

"கியர் தப்பினாலும் இப்படி ஆவும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "அதெல்லாம் ஸ்கிராப்புல போட்டுடுங்க."

மற்றதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போனது. பேரிங்கின் ஒரு துண்டை அவள் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் அதை மேசையில் வைத்து வெஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் துண்டைத் தொடவேயில்லை.

"நீ சொன்னா அந்தப் பையன் கால் சரியாயிருமா?"

"ஆகாது."

"தாள்ல இருக்கது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான்."

"அப்பம் பாத்துக்க செல்வி. முதல்ல உன்னயத்தான் பிடிப்பாவ. மொதலாளி கைய விரிச்சிருவாரு." கொஞ்சம் கழித்து, "நான் போகாதன்னு சொல்லல. எனக்குப் பயமா இருக்கு, அதான் சொல்லுதேன்" என்றான்.

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆறு வாரம் பேசாமல் வேலைக்குப் போய்வந்தாள். டிராக்டர் இன்ஜின்களை அளந்தாள். ஒவ்வொன்றையும் நாலைந்து முறை. எழுதிய பிறகும் சந்தேகம் வந்து திரும்பப் போய் அளந்தாள். இதற்கிடையில் ஜெகதீஷின் விபத்து வீடியோவை யாரோ போனில் பரப்பியிருந்தார்கள். கீழே, கியர் போடத் தெரியாதவனுக்கு எதற்கு இந்த இன்ஜின் என்று ஒரு கேலி. அதற்கு முந்நூறு பேர் சிரித்திருந்தார்கள்.

ஏப்ரலில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் கெம்பம்மா பட்டறைக்கு வந்தாள். தலையில் முக்காடு, கையில் ஒரு டஜன் வாழைப்பழமும் பூவும். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து மோகன்குமார் எழுந்து நின்றுவிட்டார். அவளோ பழத்தை அவர் மேசையில் வைத்துவிட்டுக் கைகூப்பினாள்.

"என் மகன் பண்ண தப்புக்கு உங்க பட்டறைக்குக் கெட்ட பேரு வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன் சாமி. அவனுக்கு இப்ப நடக்க ஆவாது. அவன் சார்பா நான் வந்தேன். மனசுல வச்சுக்காதீங்க."

மோகன்குமார் தலையைக் குனிந்துகொண்டார். "பரவால்லம்மா" என்றார். "பையன் நல்லாயிட்டா போதும்."

கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஜெயசெல்வி மைக்ரோமீட்டரைப் பிடித்தபடி நின்றாள். கெம்பம்மா போகும்போது அவளையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரச் சனிக்கிழமை ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளியில் விசாரித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். ஜெகதீஷ் கட்டிலில் சாய்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. கெம்பம்மா உள்ளே காபி போடப் போனாள்.

"காபி வேண்டாம்மா. ரெண்டு பேரும் இருங்க. ஒண்ணு சொல்லணும்."

நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. கைக்குட்டையைப் பிரித்து அந்தத் துண்டைக் கட்டிலில் வைத்தாள்.

ஜெகதீஷ் அதை எடுத்து, தேய்ந்த பக்கத்தை விரலால் தடவினான்.

"நெஜமா எவ்வளவு இருந்துச்சு?"

"பாயிண்ட் மூணு ஒண்ணு."

"தாள்ல?"

"பாயிண்ட் ஒண்ணு எட்டு. நான்தான் எழுதினேன்."

"அப்ப நான் கியர் தப்பாப் போடல" என்றான். மறுபடியும், "அம்மா, நான் நாலுலதான் போட்டேன். கரெக்டா போட்டேன்" என்றான். இரண்டு மாதமாக அவன் எதை நினைத்துப் படுத்துக்கிடந்தான் என்பது அப்போதுதான் ஜெயசெல்விக்கு முழுதாகப் புரிந்தது. காலைப் பற்றி அல்ல.

பிறகு அவன் முகம் மாறியது.

"ஆஸ்பத்திரில உங்ககிட்ட கேட்டேன்."

"ஆமா."

"கேட்டேன்ல அக்கா? உங்க மூஞ்சியப் பாத்துத்தானே கேட்டேன்?"

அவன் வாசலைக் காட்டினான்.

"போங்க. வெளிய போங்க."

கெம்பம்மா வாசல்வரை வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் ஜெயசெல்வி நினைத்தாள். அவள் அடிக்கவில்லை. "யாக்கம்மா?" என்றாள். "ஏன்மா? நான் அங்க வந்து கும்புட்டேனே. அப்பகூட நின்னுட்டுத்தானே இருந்தே?" கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஜெயசெல்வியே மோகன்குமாரிடம் சொன்னாள், வேறு யார் வழியாகவும் அவருக்குத் தெரிய வேண்டாம் என்று. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தாள்.

"எவனும் உங்கள எடுக்காதப்ப நான் எடுத்தேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. "ஒரு வார்த்த என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க போகாதன்னு சொல்லியிருப்பீங்க சார். நானும் கேட்டிருப்பேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அளந்தது நீங்க. கையெழுத்து உங்களுது. நான் அப்பிடி எழுதச் சொல்லவே இல்லைன்னுதான் சொல்லுவேன். எனக்கும் பொண்ணு பையன் இருக்காங்க."

அவள் தன் மைக்ரோமீட்டர் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜெகதீஷ் புகார் கொடுத்தான். புகாரில் இரண்டு பேர். முதலில் மோகன்குமார், அடுத்து ஜெயசெல்வி. ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அவளுடைய வாக்குமூலத்தை வாசித்துவிட்டு, "உங்களுக்கே எதிரா இவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்களேம்மா" என்றார். பேரிங் துண்டு ஒரு உறைக்குள் போய் அரக்கு முத்திரை வாங்கிக்கொண்டது. தெருவில் விஷயம் பரவியது. சர்ச்சில் சிலர் அவளிடம் கூடுதல் அன்பாகப் பேசினார்கள். சிலர் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். வெஸ்லின் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் ஷிஃப்ட் முடிந்து வந்தால் முன்போல் பேசுவதும் இல்லை.

இப்போது அவள் பாகலூருக்கு அப்பால் ஒரு ரோஜாப் பண்ணையின் பேக்கிங் கூடத்தில் வேலை செய்கிறாள். காலை ஏழு மணிக்கு வேன் வரும். குளிரூட்டிய கூடத்தில் கையுறை போட்டுக்கொண்டு, பூக்களைத் தண்டு நீளப்படி பிரித்து, இருபது இருபதாகக் கட்ட வேண்டும். ஒரு சென்டிமீட்டர் முன்பின் இருந்தால் யாரும் கேட்பதில்லை. மேற்பார்வையாளர் சரஸ்வதி அவளை "அக்கா, இவ்வளவு பாக்க வேணாம், சீக்கிரம் கட்டுங்க" என்று அடிக்கடி சொல்கிறாள்.

மோகன்குமார் பட்டறை நடக்கிறது. டிராக்டரும் லாரியும்தான், ஜப்பான் இன்ஜின் கொண்டுவந்த ஆட்கள் வருவதில்லை. ஜெகதீஷ் ஒரு கைத்தடியோடு நடக்கிறான், இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. அதே வீடியோவை அவனே மறுபடி போட்டு, கீழே தாளில் இருந்த எண்ணையும் நிஜ எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தான். வேறொரு வார்த்தை இல்லை. ஜெயசெல்வியின் பேரும் இல்லை. அவளிடம் அவன் இதுவரை பேசவில்லை.

போன மாதம் ஓசூர் கோர்ட்டில் வாய்தா. அவளுக்காக ஆஜராகும் வக்கீல் லாவண்யா மரத்தடியில் வைத்து மெதுவாகச் சொன்னாள்: "முதலாளி கட்டாயப்படுத்தினாரு, வேலை போயிடும்னு மிரட்டினாருன்னு சொல்லுங்க. உங்களுக்கு நல்லது. அப்படி இல்லைன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது."

"மிரட்டலம்மா. எழுதச் சொன்னாரு, அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்ல. எழுதச் சொன்னது அவரு. எழுதினது நான். அத அப்படியே சொல்லிருதேன்."

லாவண்யா பெருமூச்சு விட்டாள். அப்படியானால் தண்டனை வரலாம் என்றாள். ஜெயசெல்வி தலையசைத்தாள். அது தெரிந்ததுதான், அதற்காகப் பயம் போய்விடவில்லை.

அன்று நீதிபதி விடுப்பு. வழக்கு ஜூலைக்குத் தள்ளிப்போனது. எதிர்ப்பக்கத்து பெஞ்சில் ஜெகதீஷின் பக்கத்தில் கெம்பம்மா அவனுடைய கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயசெல்வி அந்தப் பக்கம் போகவில்லை. போகலாமா என்று இரண்டு முறை நினைத்தாள். பிறகு அரை நாள் லீவுதான் சொல்லியிருப்பது ஞாபகம் வந்து, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.